படகுக்குப் பக்கத்தில் நடந்தவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பாலத்தின்மேல் கிடைத்தது. பேருந்து வராத எரிச்சலில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான இரும்புப் படகு ஒன்று வந்தது. கூரைமேல் துணி காய்ந்தது. பின்பக்கம் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில், படகுக்குச் சரிசமமாக, ஒரு பெண்மணி நடந்துவந்தார். வழியனுப்ப வந்தவர் மாதிரித் தெரியவில்லை. படகிலிருந்தவர் டம்ளரை நீட்டினார். அந்த அம்மா நடையை நிறுத்தாமல் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பேசிக்கொண்டே இருவரும் பாலத்துக்கடியில் போனார்கள். பார்த்தால் சண்டை மாதிரி இல்லை. சமாதானம் மாதிரியும் இல்லை.

அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேள்வி வந்தது. அந்த அம்மா ஏன் படகில் ஏறவில்லை?

பாலத்தின் மறுபக்கம் ஓடிப்போய் அவரையே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு தகவல் கிடைத்திருக்கும். கேட்காததால் இப்போது இரண்டாயிரம் வார்த்தை எழுத வேண்டியிருக்கிறது. சோம்பேறிக்கு வேலை இரட்டிப்பு என்பது சரிதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "நீர் என்பது நினைவின்—"

(இதற்குமேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.)

அடுத்த தொடக்கம்: "வீடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் படகு பார்த்துவிட்டு வந்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்படிப் போனவர் ஒரு பேருந்து ஓட்டுநர். காலமெல்லாம் உட்கார்ந்தே ஓட்டியதில் இடுப்பு போய்விட்டது. இனி நாள் முழுக்க உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, முதுகில் பலகை கட்டியது மாதிரி நிமிர்ந்த நடை. ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் புருஷனும் டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். இவர்களுக்கு ஒரே மகள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர்.

வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்று காலிசெய்யச் சொன்னார். அதே நேரத்தில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. புதுப் பள்ளிக்கூடம் கால்வாய் போய்ச் சேரும் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில். ஓட்டுநர் அங்கே வீடு பார்க்கப் போனார். திரும்பிவந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததுமே டீச்சர் விசாரணையை ஆரம்பித்தார்.

"வீடு எப்படிங்க இருக்கு?"

"நீளமா இருக்கு."

"எத்தனை ரூம்?"

"எல்லாம் வரிசையா இருக்கு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

"தண்ணி வசதி?"

"அதுக்கு மட்டும் குறையே இல்ல டீச்சர்."

வக்கீல்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்பா, நீ படகு வாங்கிட்டியா?"

"நின்னுக்கிட்டே ஓட்டுற வண்டியா பாருங்கன்னு டாக்டரே சொன்னாரும்மா."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உட்காராதீர்கள் என்றுதான் சொன்னார். ஆசை உள்ளவன் காதில் எந்த வாக்கியமும் முழுசாக விழுவதில்லை.

 டீச்சர் கழுத்து விசிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம், 'பேச்சு முடிந்தது, சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே.'

3

(இங்கே படகு வாழ்க்கையைப் பற்றி அழகாக நாலு பத்தி எழுத நினைத்திருந்தேன், சூரிய உதயம், நாரை இப்படியெல்லாம். உண்மையில் அவர்கள் முதலில் கற்றுக்கொண்டது குனிவதற்குத்தான்.)

ஒவ்வொரு வாசலிலும் ஓட்டுநரின் நெற்றி இடித்தது. இடித்த இடங்களிலெல்லாம் வக்கீல் பழைய துணியைச் சுருட்டி ஒட்டினாள். கழுவும் தண்ணீர் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தட்டிப்பார்த்துச் சொல்லப் பழகினாள். அலமாரிக் கதவுகளுக்கெல்லாம் கொக்கி வந்தது. முட்டையைத் தலையணை உறைக்குள் வைப்பதுதான் பத்திரம் என்று கண்டுபிடித்தார்கள். ஒருநாள் அது யாருடைய தலையணை என்பதை மறந்தார்கள்.

ஓட்டுநருக்குப் படகு பிடிபடவில்லை. பஸ்ஸில் அவருக்கு முன்னால் கண்ணாடி இருந்தது. இங்கே அவருக்கு முன்னால் மொத்த வீடும் நின்றது. பஸ்ஸில் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இங்கே சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போனது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரேக் கிடையாது. எதிரில் எது வந்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அந்த இடத்தில் பெயின்டே தேய்ந்துவிட்டது.

"நடந்து வர்றவங்களை முந்த முடியாத வண்டிய வாழ்க்கைல இப்பதான் ஓட்டுறேன்" என்று அலுத்துக்கொண்டார்.

நடந்துவந்தது வேறு யாரும் இல்லை, டீச்சர்தான்.

முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிட்டார். "கட்டின படகு வீடு. அவுத்த படகு படகு. வீட்டுல நான் இருப்பேன்." அதன்படி படகைக் கரையில் இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருக்கும்போது உள்ளே சமைத்தார், தூங்கினார், மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கயிற்றை அவிழ்க்கும் நேரம் வந்தால் கரையில் இறங்கிவிடுவார். கால்வாய் ஓரம் மண் அரிக்காமலிருக்கப் படகுகள் மெல்லத்தான் போக வேண்டும் என்பது விதி. டீச்சரின் சாதாரண நடையே அதைவிட வேகம். அவ்வப்போது படகு வருவதற்காக நின்று காத்திருந்தார்.

"ஏம்மா நீ ஏற மாட்டேங்குற?" என்று வக்கீல் கேட்டாள்.

"உக்காந்தே போனா முட்டி பிடிச்சுக்கும்."

பி.டி. டீச்சர் சொன்னால் யார் மறுப்பது? உண்மைக் காரணம் வேறு. டீச்சருக்கு நீச்சல் தெரியாது.

இது இப்படித் தனி வாக்கியமாக எழுத வேண்டிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் டீச்சர் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு எடுப்பவர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் குளம் கட்டினார்கள். நீச்சல் சொல்லிக்கொடுப்பீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். வேலை புதுசு, தலையாட்டிவிட்டார். புத்தகம் படித்தார், படம் பார்த்தார், நீச்சலைக் கரைத்துக் குடித்தார். குளத்தோரம் காயாத சிமென்ட் தரையில் காய்ந்த ஷூவோடு நின்று விசில் ஊதினார். அவரிடம் கற்ற பிள்ளைகள் போட்டிகளில் ஜெயித்தார்கள். மகளும் அவரிடம்தான் கற்றாள். டீச்சர் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. விசில் ஊதுகிறவரின் காலை யார் பார்ப்பார்கள்?

4

நடுவில் ஒரு சின்னக் கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

நம் மொழி டீச்சர் பக்கம் இருக்கிறது. கஷ்டத்திலிருந்து தப்பித்தவரைக் கரையேறினார் என்கிறோம். மகளுக்குக் கல்யாணம் செய்தவர் அவளைக் கரைசேர்த்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். இரண்டு படகில் கால் வைக்காதே என்கிறோம். ஒரு படகில் வைத்தால் நல்லது என்று எந்தப் பழமொழியும் சொன்னதாக நினைவில்லை. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது ஒன்றுதான் ஓட்டுநருக்குச் சாதகம். அதை அவர் தினம் ஒருதரம் சொன்னார்.

"வண்டி ஏறட்டும். நான் எதுக்கு ஏறணும்?" என்றார் டீச்சர்.

5

கால்வாயில் மதகுகள் வந்தன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தண்ணீரில் கட்டிய படிக்கட்டு மாதிரி ஏற்பாடு. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி நீரை நிரப்பினால் படகு தானே மேலேறும். பிறகு முன்கதவைத் திறந்து வெளியே போகலாம். கனமான கதவுகள். கரையில் நின்று முதுகு கொடுத்துத் தள்ள ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் டீச்சர்தான். தரையில் கால் ஊன்றித் தள்ளுவது அவருக்குக் கைவந்த கலை. கயிறு பிடிப்பது, முளையில் சுற்றுவது, படகு சுவரில் இடிக்காமல் இழுத்து நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. மதகுக்குள் வக்கீல் "போலாம் ரைட்" என்பாள். டீச்சர் விசில் கொடுப்பார். ஏறாததே ஒரு வேலையாக ஆகிவிட்டதில் அவருக்கு நிம்மதி. இனி யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

கடைசிக்கு முந்தின மதகில் அவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுக்கானை மகளிடம் கொடுத்துவிட்டு, காற்றில் பறந்த ஒரு துண்டைப் பிடிக்க ஓட்டுநர் படகின் ஓர விளிம்பில் நடந்தார். பஸ்ஸின் படிக்கட்டில் நடக்கிற தைரியம். துண்டு கைக்கு வந்தது. கால் விளிம்பைவிட்டுப் போனது.

டீச்சர் எந்த யோசனையும் இல்லாமல் தண்ணீரில் குதித்—

இல்லை. இதை மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருந்தது. அன்பு பயத்தை ஜெயிக்கிறது, வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஆனால் நான் பாலத்தின்மேல் பார்த்த அந்த அம்மா குதிக்க மாட்டார். கரைக்கு அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வருஷப் பழக்கத்தோடு நடந்தவர். நடந்தது இதுதான்.

டீச்சரின் கால்கள் நகரவில்லை. முழங்காலுக்குக் கீழே அவை அவருடையவையாகவே இல்லை. வாய் மட்டும் வேலை செய்தது. விசிலை ஊதினார். "எஞ்சினை அணை" என்று கத்தினார். மகள் அணைத்தாள். கையிலிருந்த கயிற்றை வீசினார். ஓட்டுநர் அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, துப்பி, உதைத்து, கடைசியில் எழுந்து நின்றார். தண்ணீர் மார்பளவுதான் இருந்தது. துண்டு இன்னும் கையிலேயே இருந்தது.

மதகுக்காரர் ஓடிவந்தார். டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"குதிக்காம இருந்தீங்க பாருங்கம்மா, அதான் புத்திசாலித்தனம். எஞ்சின் ஓடுறப்போ குதிச்சிருந்தா ரெண்டு பேரையும் அள்ள வேண்டியிருக்கும். எஞ்சினை நிறுத்தணும், கயிறு வீசணும். எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க."

"எங்கம்மா நீச்சல் டீச்சர்" என்றாள் வக்கீல்.

"அதான பாத்தேன்" என்றார் மதகுக்காரர்.

6

திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். பாராட்டு உள்ளே இறங்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். வக்கீல் ஒவ்வொருவரிடமும் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் நிதானம் கூடிக்கொண்டே போனது. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது டீச்சர் கண்ணைக்கூட இமைக்கவில்லையாம். (கதை உருவாவதையே கதையாக்கும் மீபுனைவு என்று எழுத்துக்காரர்கள் நாங்கள் பெரிதாகச் சொல்லிக்கொள்வதை அந்தப் பெண் ஓர் ஈரத் துண்டை வைத்துக்கொண்டே செய்தாள்.)

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். படகு இரண்டு கயிற்றில் கட்டியிருந்தது. ஓட்டுநர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டார். டீச்சர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

ஓட்டுநர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"குதிக்கணும்னு தோணுச்சு. கால் வரலை. அவ்ளோதான். நிதானமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வக்கீல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நீதானம்மா எனக்குக் கத்துக் கொடுத்த."

"கரையில நின்னு கொடுத்தேன்."

மகள் நினைத்துப் பார்த்தாள். குளத்தின் எல்லா ஞாபகத்திலும் அம்மா உலர்ந்த ஷூவோடுதான் நின்றார். அவள் முகம் கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நீச்சல்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "அப்புறம் எதுக்குங்க படகு வாங்கினீங்க?"

"பஸ்ஸு ஓட்டுனப்ப ரோட்டுல விழுந்தா என்ன பண்றதுன்னு கத்துக்கிட்டா ஓட்டுனேன்?"

"ஆக," என்றாள் வக்கீல். "இந்த வீட்டுல தண்ணியில விழத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கணவர் கம்பளியின் ஒரு நுனியை நீட்டினார். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

மதகுக்கு மேலே படகுகள் திரும்புவதற்காகக் கால்வாய் அகன்றிருந்தது. ஓரத்தில் படிகள், இடுப்பளவு நீர். அடுத்த சில நாட்கள் அங்கேயே தங்கினார்கள். வக்கீல் கையை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டாள். டீச்சர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் படியில் நின்றார். அங்கேயே ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றார்.

"தண்ணியப் பிடிக்கப் பாக்காத. விட்டுடு. தண்ணி உன்னைப் பிடிச்சுக்கும்" என்றாள் வக்கீல்.

அது டீச்சரின் சொந்த வாக்கியம். எத்தனையோ பிள்ளைகளிடம் சொன்னது. அது உண்மையா பொய்யா என்று இதுவரை அவருக்கே தெரியாது.

மறுநாள் மிதவைச் சட்டையை வக்கீல் கழற்றச் சொன்னாள். மூன்றாவது படியில் தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டார். மல்லாந்து சாய்ந்தபோது மகளின் இரண்டு கைகள் முதுகுக்குக் கீழே இருந்தன. வானம் மிகப் பெரியதாக இருந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊர்ச் சத்தம் அடங்கியது. ஏதோ ஒரு நேரத்தில் அந்தக் கைகள் ஒன்றாகி, பிறகு ஒன்றும் இல்லாமல் போயின. தெரிந்ததும் அலறிக்கொண்டு எழுந்து நின்றார். கோபம் வந்தது. உடனே மறுபடி படுத்தார்.

கடைசியில் ஒரு பாட்டின் பல்லவி முடிகிற வரை மிதக்க வந்தது. சரணத்தில் மூழ்கிவிடுவார். அது நீச்சல் இல்லை. இந்தக் கதையில் யாரும் அதை நீச்சல் என்று சொல்லப்போவதில்லை. ஓட்டுநர் பல்லவிகூட வராமல் இரும்புச் சாமான் மாதிரி நேரே கீழே போனார்.*

* அவர் வேண்டுமென்றே மூழ்கினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனைவிக்கு முன்னால் தானும் தெரியாதவராக இருப்பது அவருக்குப் பிடித்திருந்திருக்கலாம். அவரிடம் கேட்டேன். எழுதியவருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது என்றார்.

7

பிறகு ஏரி வந்தது.

கால்வாய் ஒரு கடைசி மதகைத் தாண்டி மரப்பலகைப் படகுத்துறையில் முடிந்தது. அதற்கப்பால் எங்கு பார்த்தாலும் தண்ணீர். புது ஊர் எதிர்க்கரையில் மங்கலாக ஒரு கோடாகத் தெரிந்தது. கால்வாய் ஓரப் பாதை துறையோடு நின்றுவிட்டது. நடக்க இடமில்லை. துறைக்குப் பின்னால் சாலை இருந்தது. ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் பேருந்து அங்கே நிற்கும். காற்று எழுவதற்குள், காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்று துறையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஓட்டுநர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் ஓரம் இல்லாம நான் ஓட்டுனதே இல்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நான் பஸ்ல வந்துடுறேன்" என்றார் டீச்சர். "அந்தப் பக்கம் நின்னு கயிறு வாங்கிக்கிறேன்."

"அந்தப் பக்கம் கயிறு வாங்க ஆள் இருக்காங்களாம்."

"கதவு?"

"இதுல மதகே கிடையாது. ஒரு வேலையும் இல்ல." கொஞ்சம் யோசித்து, "வேலைக்குக் கூப்பிடல டீச்சர். சும்மா வா" என்றார்.

 கல்யாணமான நாளிலிருந்து டீச்சரை யாரும் சும்மா கூப்பிட்டதில்லை. வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், அவர் போவார். சும்மா எப்படிப் போவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

8

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

ஒன்று: டீச்சர் பேருந்தில் போகிறார். ஜன்னலோர இருக்கை. சாலை ஏரியை ஒட்டிப் போகும்போதெல்லாம் படகைத் தேடுகிறார். இதில் எந்தத் தப்பும் இல்லை. பயந்தவர் பேருந்தில் போவதைக் கேவலமாகச் சொல்லும் கதையை நான் எழுத மாட்டேன்.

இன்னொன்று: ஏறுகிறார், நடு ஏரியில் புயல், டீச்சர் எல்லோரையும் காப்பாற்றுகிறா— வேண்டாம். பல்லவி வரைக்கும்தான் மிதப்பார் என்று இப்போதுதானே சொன்னேன்.

வேறொன்று: மூன்று பேரும் படகைக் கட்டிப்போட்டுவிட்டுப் பேருந்தில் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வக்கீல் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை. எஞ்சின் ஓடுகிறது. ஓட்டுநர் சுக்கானில் நிற்கிறார், அவர் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. முன்கயிறு அவிழ்ந்துவிட்டது. பின்கயிற்றை எப்போதும்போல் டீச்சர்தான் முளையிலிருந்து எடுக்கிறார். கயிற்றை எடுத்ததும் படகுக்குள் எறிய வேண்டும். எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டு துறையின் விளிம்பில் நிற்கிறார். மிதவைச் சட்டை போட்டிருக்கிறார். தோளில் பயணப் பையும் இருக்கிறது. அது இரண்டில் எந்தப் பயணத்துக்கும் பொருந்தும். சாலையில் பேருந்து வந்து நிற்கிறது. கண்டக்டர் கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது.

வக்கீல் "போலாம் ரைட்" சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவுக்குத் தெரியும்.

படகு துறையைவிட்டு மெல்ல விலகுகிறது. இடைவெளி இப்போது ஒரு சாண். இன்னொரு வாக்கியம் எழுதினால் அது ஒரு முழம் ஆகிவிடும். முழம் என்றால் தாவ வேண்டும். சாண் என்றால் காலைத் தூக்கி வைத்தாலே போதும். அதனால் நான் இங்கேயே பேனாவை மூடுகிறேன். கணவரும் மகளும் ஏரியை வேடிக்கை பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பி நிற்கிறார்கள், பார்க்காமலிருப்பதுதான் உதவி என்று புரிந்தவர்கள். நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம். நீங்கள் ஒரு முடிவுக்கு வருகிற வரையில் படகு அந்த ஒரு சாண் தூரத்திலேயே நிற்கும்.